கேமரா பார்க்கட்டும், கிளிக் நம் கையில் இருக்கட்டும்

உங்கள் கம்ப்யூட்டரோடு வந்த மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு சிறிய குழி இருக்கும். அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் வரும். (சில மவுஸ்களில் இந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது.) புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அந்த வெளிச்சம்தான் பாயிண்டரை நகர்த்துகிறது என்று நினைத்துக் கொள்கிறார்கள். அது வெறும் விளக்கு. உண்மையில் வேலை செய்வது அந்தக் குழிக்குள் இருக்கும் ஒரு கேமரா.

ஆம், கேமராதான். விளக்கு மேசையின் மேல் சாய்வாக வெளிச்சம் அடிக்கிறது. மேசையின் மரத்தில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்கள் நிழல்களாகத் தெரிகின்றன. அந்த நிழல்களைக் கேமரா தொடர்ந்து படம் எடுக்கிறது. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, நிழல்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போடுகிறது. 1999-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆப்டிகல் மவுஸ் ஒரு வினாடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. இன்றைய மவுஸ்கள் அதைவிடப் பல மடங்கு எடுக்கின்றன. படம் பெரியதாக இருக்குமோ என்று எண்ண வேண்டாம். தொடக்க கால சிப்களில் அது 16-க்கு 16 அல்லது 18-க்கு 18 புள்ளிகள்தான். தெளிவான கண்ணாடி மேசையில் மவுஸ் தடுமாறுவதற்குக் காரணமும் இதுவே. படம் எடுக்க அங்கே நிழல் எதுவும் கிடைப்பதில்லை.

இந்த யோசனை பழையது. 1980-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் ரிச்சர்ட் லயன் என்பவரும், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் கிர்ஷ் என்பவரும் தனித்தனியே ஆப்டிகல் மவுஸ் செய்தார்கள். அவற்றுக்குப் புள்ளிகளோ கோடுகளோ அச்சிட்ட தனிப் பலகை வேண்டியிருந்தது. 1999-க்குப் பிறகு எந்த மேசையும் போதும், வேட்டித் துணிகூடப் போதும் என்று ஆயிற்று.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுப்புறத்தைக் கேமராவால் பார்த்து, அந்தப் படத்தைக் கொண்டு கம்ப்யூட்டரையும் போனையும் இயக்குவது புதிய அதிசயம் என்று இன்று பேசப்படுகிறது. ஆனால் அந்த வகைக் கேமராக்களில் மிகவும் ஒழுங்கானது நம் உள்ளங்கைக்கு அடியிலேயே 25 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. அதனிடம் மூன்று நல்ல பழக்கங்கள் உண்டு. ஒன்று, எடுத்த படத்தை அது சேமித்து வைப்பதில்லை, கணக்கெல்லாம் தனக்குள்ளேயே முடித்துக் கொள்கிறது. இரண்டு, கம்ப்யூட்டருக்கு அது அனுப்புவது "இவ்வளவு தூரம் நகர்ந்தேன்" என்ற தகவல் மட்டும்தான். மூன்று, பார்ப்பது வேறு, கட்டளை வேறு என்று வைத்திருக்கிறது. பாயிண்டரை எங்கே கொண்டு போவது என்பதைக் கேமரா பார்த்துக் கொள்ளும். கிளிக் செய்வதா வேண்டாமா என்பதை உங்கள் விரல் முடிவு செய்யும்.

கேமராவால் இயங்கும் எந்தச் சாதனத்தையும் இந்த மூன்று பழக்கங்களை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் மூன்றாவது பழக்கம் மிக முக்கியம். இப்போது மெல்ல மெல்லக் கைநழுவிப் போவதும் அதுதான்.

கழுத்தில் தொங்கிய கேமரா

2009-ல் உலகத்தையே வியக்க வைத்தவர் ஓர் இந்தியர். குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்ட்ரி அப்போது எம்.ஐ.டி.யின் மீடியா லேபில் ஆராய்ச்சி மாணவர். அவர் உருவாக்கிய சாதனத்தின் பெயர் "சிக்ஸ்த் சென்ஸ்". கழுத்தில் பதக்கம்போல ஒரு சிறிய கேமராவும் ஒரு சிறிய புரொஜெக்டரும் தொங்கும். விரல் நுனிகளில் வெவ்வேறு நிறத்தில் மூடிகள் மாட்டிக் கொள்ள வேண்டும். கேமரா அந்த நிறங்களைப் பின்தொடர்ந்து விரல்களின் அசைவைப் புரிந்து கொள்ளும். இரண்டு கைகளாலும் ஒரு சட்டம்போலப் பிடித்தால் எதிரே உள்ள காட்சி போட்டோவாகும். உள்ளங்கையில் நம்பர்கள் விழும், அதைத் தொட்டே போன் பேசலாம். மணிக்கட்டில் வட்டம் போட்டால் அங்கே கடிகாரம் தெரியும். அந்த ஆண்டு நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா கூட்டத்தில் அவர் இதைச் செய்து காட்டினார். மாதிரிச் சாதனத்தைச் செய்ய ஆன செலவு சுமார் 350 டாலர் என்று அப்போது சொல்லப்பட்டது.

அதற்கு முன்பே 2003-ல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு "ஐ டாய்" என்ற கேமராவைக் கொண்டு வந்தது. டிவிக்கு முன்னால் நின்று கையை ஆட்டினால் விளையாட்டு நடக்கும். 2010-ல் மைக்ரோசாப்டின் கினெக்ட் வந்தது. முழு உடம்பின் அசைவையும் அது புரிந்து கொண்டது. 2017-ல் அதன் உற்பத்தியை நிறுத்தி விட்டார்கள்.

இத்தனை வந்தும் நம் மேசையில் இருந்து மவுஸ் ஏன் போகவில்லை? முதல் காரணம், கை வலி. காற்றில் கையைத் தூக்கிக் கொண்டு அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள், புரியும். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது.

பஸ்மாசுரன் கதை உங்களுக்குத் தெரியும். யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கினான். கடைசியில் ஆட்டத்தின் நடுவே தன் தலையிலேயே கையை வைத்துக் கொண்டான். அவன் தன்னைச் சாம்பலாக்கும்படி கட்டளை இடவில்லை. கையைத் தலைக்குக் கொண்டு போனான், அவ்வளவுதான். ஆனால் அவன் வாங்கிய வரத்தில் சாதாரண அசைவுக்கும் கட்டளைக்கும் வித்தியாசமே இல்லை.

கேமராவால் இயங்கும் சாதனங்களுக்கும் இதே சிக்கல்தான். நீங்கள் மூக்கைச் சொறிவதற்குக் கையைத் தூக்கினால், கம்ப்யூட்டர் அதைக் கட்டளையாக எடுத்துக் கொள்ளலாமா? திரையில் ஒரு படத்தைப் பார்த்தாலே அது திறந்து கொள்ளலாமா? ஆராய்ச்சியாளர்கள் இதற்கு மைடாஸ் பிரச்சினை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்டதெல்லாம் பொன்னாகி, சாப்பாடும் பொன்னாகித் தவித்த கிரேக்கக் கதையின் அரசன் பெயர் அது. நமக்குப் பஸ்மாசுரனே போதும்.

இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்த ஒரு சாப்ட்வேரை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் காலேஜில் உருவான "கேமரா மவுஸ்" என்ற இலவச விண்டோஸ் புரோகிராம் அது. கைகளை அசைக்க முடியாதவர்களுக்காக எழுதப்பட்டது. சாதாரண வெப்கேமரா போதும். திரையில் தெரியும் முகத்தில் மூக்கு நுனி போன்ற ஓர் இடத்தை உதவியாளர் ஒரு முறை குறித்துக் கொடுத்து விடுவார். அதன் பிறகு அவர் தலையை அசைத்தால் பாயிண்டர் நகரும். கிளிக் செய்ய என்ன வழி? பாயிண்டரை ஓர் இடத்திலேயே சற்று நேரம் நிறுத்தி வைத்தால் அது கிளிக். அந்தச் சிறிய காத்திருப்பு முக்கியமானது. "தெரிந்துதான் செய்கிறேன்" என்று அவர் சொல்லும் இடம் அது. கைகளை அசைக்க முடியாத ஒருவருக்கே அந்த உரிமையை விட்டு வைக்க முடிகிறது என்றால், விரல்கள் உள்ள நமக்கு அதை எடுத்து விடுவது என்ன நியாயம்?

கோலம் போட்ட பட்டன்

நான் வளர்ந்தது பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்குப் போகும் வழியில் உள்ள பண்ணைக்காடு. இப்போது வேலை வெளியூரில் என்றாலும் விடுமுறைக்கு மலைக்குத்தான் போவேன். சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால் அங்கே என் கண்ணில் அடிக்கடி படுவது கருப்பு வெள்ளைக் கட்டங்கள். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்குத் தருபவர், வேகவைத்த சோளம் விற்கும் அக்கா, மலைப்பூண்டுக் கடை, சாக்லேட் கடை என்று எல்லோரிடமும் ஒரு க்யூஆர் கோடு அட்டை தொங்குகிறது. கேமராவில் தெரியும் சுற்றுப்புறத்தைக் கொண்டு போனை இயக்குவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இதைத்தான் காட்ட வேண்டும். சுவரில் ஒரு படம் இருக்கிறது. போன் அதைப் பார்க்கிறது. பணம் செலுத்தும் பக்கம் திறந்து கொள்கிறது. அந்தப் படம்தான் பட்டன்.

க்யூஆர் கோடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொண்டால் பயமும் போகும், கவனமும் வரும். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக மசாஹிரோ ஹரா குழுவினர் இதை உருவாக்கினார்கள். மூன்று மூலைகளில் மூன்று பெரிய சதுரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். கேமரா முதலில் தேடுவது அவற்றைத்தான். அவை கிடைத்தவுடன் படம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, தலைகீழா என்று போனுக்குத் தெரிந்து விடும். மற்ற கட்டங்களைப் புள்ளிக் கோலம்போல வரிசை வரிசையாகப் படிக்கிறது. கருப்பு 1, வெள்ளை 0. மிகச் சிறிய கோடில் ஒரு பக்கத்துக்கு 21 கட்டங்கள், மிகப் பெரியதில் 177 கட்டங்கள். ஒரு பகுதி அழிந்தாலும் படிக்க முடியும்படி கூடுதல் தகவலையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். அதிகபட்சப் பாதுகாப்புள்ள வகையில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படித்துவிடும். சோளக்கடை அட்டையில் மிளகாய்ப்பொடி கறை பட்டாலும் பணம் போய்ச் சேரும் ரகசியம் இதுதான்.

அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது மந்திரம் எதுவும் இல்லை, சில எழுத்துகள்தான். கடை அட்டையில் இருப்பது கடைக்காரரின் யு.பி.ஐ. முகவரியும் பெயரும். சிக்கல் ஒன்றே ஒன்று. அதை நம் கண்ணால் படிக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தும் முன் அதன் மேல் "சேவ்" என்றோ "டெலீட்" என்றோ எழுதியிருப்பதைப் படிக்கிறோம். க்யூஆர் கோடு, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பட்டன். எனவே ஒரு கடையின் அட்டை மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனால் கண்டுபிடிப்பது கடினம். இப்படிப்பட்ட மோசடி நம் நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கிறது.

அப்படியிருந்தும் 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ. இத்தனை பேரின் நம்பிக்கையைப் பெற்றது எப்படி? மவுஸின் மூன்றாவது பழக்கம் அதனிடம் இருந்தது. கேமரா கோடைப் பார்த்தவுடன் பணம் போய்விடுவதில்லை. பெயரைக் காட்டுகிறது, தொகையைக் கேட்கிறது, கடைசியில் பின் நம்பர் கேட்கிறது. வங்கியில் பதிவாகியுள்ள பெயரையே திரையில் காட்ட வேண்டும் என்று 2025-ல் என்.பி.சி.ஐ. விதி கொண்டு வந்து, அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் செயல்படுத்தச் சொன்னது. நல்ல விதி. படிக்க முடியாத பட்டனுக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது.

கொடைக்கானலில் இன்னொரு கேமராவும் வாகனங்களுக்கு வழி விடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்காலத்துக்குக் கொடைக்கானலில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. இ-பாஸில் உள்ள க்யூஆர் கோடைச் சோதனைச் சாவடி ஊழியர் ஸ்கேன் செய்து பார்க்கிறார். இங்கே கேமரா பார்க்கிறது, வண்டியை விடுவது மனிதர். அதோடு அரசு பஸ்ஸில் வருபவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கும் மலையேற ஒரு வழி திறந்தே இருக்கிறது. கேமராவை நம்பி ஒரு முறையை அமைக்கும்போது, கேமரா இல்லாதவருக்கான வழியையும் அதே நாளில் திறந்து வைக்க வேண்டும். அதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை, நல்ல வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

பார்த்தாலே பணம்?

இப்போது வருவதுதான் நான் கவலைப்படும் விஷயம். 2025 மே மாதம் இந்தியாவில் மெட்டா நிறுவனத்தின் கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி விற்பனைக்கு வந்தது. மிஸ்ட்ரி கழுத்தில் மாட்டிய கேமரா இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது என்று சொல்லலாம். அந்த ஆண்டு அக்டோபரில் மும்பையில் நடந்த குளோபல் பின்டெக் பெஸ்ட் நிகழ்ச்சியில், இப்படிப்பட்ட ஸ்மார்ட் கண்ணாடி மூலம் யு.பி.ஐ. லைட் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் முறை அறிமுகம் செய்யப்பட்டது. கோடைப் பார்த்து, வாயால் சொன்னால் போதும். போனை எடுக்க வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். சிறிய தொகைகளுக்கு மட்டும்தான் இது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கும் இது பிடித்திருக்கிறது. இரண்டு கையிலும் பை வைத்திருப்பவருக்கு எவ்வளவு வசதி! ஆனால் ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். சீசனில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே ஒரு முழ இடைவெளிகூட இருக்காது. நான்கு கடைகளின் கோடு அட்டைகள் ஒரே பார்வையில் விழும். பனிமூட்டம் இறங்கினால் கேமராவுக்குக் கருப்பும் வெள்ளையும் சாம்பலாகத் தெரியும். சுற்றிலும் சத்தம். இந்த நிலையில் கண்ணாடி எந்தக் கோடைப் பார்த்தது, யார் குரலைக் கேட்டது என்று அணிந்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? தொகை சிறியதுதானே என்று சொல்லலாம். வாங்குபவருக்கு 30 ரூபாய் சிறிய தொகை. பக்கத்துக் கடைக்குப் போய்விட்ட அந்த 30 ரூபாய், சோளம் விற்கும் அக்காவுக்கு ஒரு விற்பனையின் முழுப் பணம்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது வலுவான வாதமும்கூட. "முன்னேற்றம் என்பதே வேலையைக் குறைப்பதுதானே? ஒவ்வொரு முறையும் 'நிச்சயமா?' என்று கேட்டால் எரிச்சலாக இருக்காதா? அதிலும் ஆங்கிலத்தில் டைப் செய்யத் தெரியாத பெரியவருக்குக் கேமராதானே வரம்?" உண்மை. டைப் செய்யத் தெரியாதவரைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குள் கூட்டி வந்ததில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. விண்டோஸ் ஹலோ வசதி உள்ள லேப்டாப்பில் பாஸ்வேர்டு மறந்த தாத்தாவும் முகத்தைக் காட்டி உள்ளே போகலாம். அதற்கென உள்ள அகச்சிவப்புக் கேமரா போட்டோவைப் பார்த்து ஏமாறாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டது. முகத்தின் விவரமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. இது மவுஸின் முதல் பழக்கம்.

ஆனால் "நிச்சயமா?" என்று கேட்பது எரிச்சலாக இருந்தால், நாம் மாற்ற வேண்டியது கேட்கும் விதத்தை. கடையில் பணம் வந்ததும் "30 ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் உரக்கச் சொல்லும் பெட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? படிக்கத் தெரியாத கடைக்காரருக்கும் அது புரிகிறது. அவர் வேலையும் தடைபடவில்லை. வாங்கியவருக்கு இத்தனை தெளிவாகச் சொல்லும் அந்த ஏற்பாடு, கொடுப்பவருக்கு ஏன் இல்லை? பணம் போவதற்கு முன், "இன்னார் கடைக்கு 30 ரூபாய், சரியா?" என்று தமிழில் காதில் கேட்டு, நாம் தொட்டால் மட்டும் அனுப்பட்டும். கண்ணாடியின் சட்டத்தில் ஒரு சிறிய பட்டன் போதும். ஒரு வினாடி வேலை இது. இதை எழுதுவது என்னைப் போன்ற சாப்ட்வேர் இன்ஜினியர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. ஒரு கிளிக்கை மிச்சப்படுத்துவதைப் பெருமையாகக் காட்டும் கூட்டங்களில், அதைச் சேர்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

மலையில் பூவைப் பார்க்கும் போன்

பணம் இல்லாத இடத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. கொடைக்கானலுக்கு வருபவர்கள் இப்போது செடியின் முன் போனை நீட்டுகிறார்கள். 2017-ல் வந்த கூகுள் லென்ஸ் போன்ற ஆப்கள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. பூவே தேடல் வார்த்தை ஆகிவிட்டது. கீபோர்டே வேண்டாம்.

இது நல்லதுதான். ஆனால் பழனி மலை எளிய பரீட்சைக் கூடம் அல்ல. இங்குள்ள தாவரங்களை வகைப்படுத்தித் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் கே.எம்.மேத்யூ 1999-ல் வெளியிட்ட நூலே மூன்று தொகுதிகள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. ஆனால் குறிஞ்சி இனத்தில் வேறு பல செடிகளும் இந்த மலையில் உண்டு, அவை பூக்கும் கணக்கும் வேறு. இடையில் ஏதோ ஓர் ஆண்டில் ஊதா நிறப் பூவைப் படம் எடுத்து, போன் சொன்னதை நம்பி "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி அனுப்பினால் அது சிரிப்போடு போய்விடும். காட்டுக் காளானைப் படம் எடுத்து, சாப்பிடலாமா என்று போனைக் கேட்பது சிரிக்கும் விஷயம் இல்லை. ஒரே மாதிரி தோன்றும் காளான்களில் ஒன்று உணவு, இன்னொன்று விஷம். படத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்யக் கூடாது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பு வெளியிட்ட "சீக்" என்ற இலவச ஆப். செடியைக் காட்டினால் குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. குடும்பம் வரைக்கும்தான் உறுதியாகத் தெரிந்தால் அத்தோடு நின்று விடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டுவதில்லை. கணிப்பையும் போனுக்குள்ளேயே செய்கிறது. எனவே சிக்னல் கிடைக்காத மலைச்சரிவிலும் வேலை செய்யும், படமும் வெளியே போக வேண்டியதில்லை. மவுஸின் நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொண்ட பிள்ளை என்று இதைச் சொல்வேன்.

படம் வெளியே போகாமல் இருப்பது ஏன் முக்கியம்? சந்தையில் பூண்டைப் படம் எடுத்தால் பூண்டு மட்டும் விழுவதில்லை. மூட்டை தூக்குபவர், வேடிக்கை பார்க்கும் குழந்தை, தேன் கொண்டு வந்த பளியர் மூதாட்டி எல்லோரும் அந்தப் படத்தில் இருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் போனுக்குக் கட்டளை தருவதற்காக அவர்களுடைய முகம் எங்கோ உள்ள சர்வருக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்றைக்கே சில வேலைகளைச் செய்து விடலாம்.

முதலில், கேமராவை எந்தெந்த புரோகிராம் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பிரிவில் "கேமரா" என்பதைக் கிளிக் செய்யுங்கள். தேவையில்லாத புரோகிராம்களுக்கு அனுமதியை நிறுத்துங்கள். லேப்டாப் கேமராவுக்கு மூடி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு துண்டு ஸ்டிக்கர் போதும்.

இரண்டாவது, வாட்ஸ்அப். 2015-ல் வாட்ஸ்அப் வெப் வந்ததிலிருந்து, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் க்யூஆர் கோடைப் போன் கேமராவால் பார்த்தே உள்ளே போகிறோம். அதாவது உங்கள் போனில் உள்ள வாட்ஸ்அப் ஒரு கம்ப்யூட்டருக்குச் சாவி கொடுக்கிறது. அந்தக் கோடு உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவதாக இருக்க வேண்டும். யாரோ பரிசு, ஓட்டு, வேலை என்று சொல்லி அனுப்பும் கோடை வாட்ஸ்அப்பில் ஸ்கேன் செய்தால், சாவி அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போனில் வாட்ஸ்அப்பின் மெனுவில் "லிங்க்டு டிவைசஸ்" என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அதில் இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள். பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ பயன்படுத்தியதும் இந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.

மூன்றாவது, பணம். நமக்குப் பணம் வர வேண்டும் என்றால் நாம் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பரும் போடத் தேவையில்லை. அப்படிச் செய்யச் சொல்பவர் மோசடிக்காரர் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். யு.பி.ஐ. லைட் வைத்திருந்தால் ஓரிரு நாள் கைச்செலவுக்குப் போதுமான பணத்தை மட்டும் அதில் போடுங்கள்.

கடைசியாக, கடையில் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். "அக்கா, இந்தப் பேர்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் தலையாட்டிய பிறகு பின் நம்பரைப் போடுங்கள்.